குதிரை நின்றால் நில்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலை ஊரில் குதிரைச் சவாரி என்றதும் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு, மேலே உட்கார்ந்து ஒரு போட்டோ என்றுதான் பலருக்கும் நினைப்பு. நான் பேச வந்தது வேறு சவாரியைப் பற்றி. பண்ணையிலிருந்து வழிகாட்டியோடு கிளம்பி, காப்பித் தோட்டத்து ஓரமாகப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஓடையைத் தாண்டித் திரும்புகிற நீண்ட சவாரி. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு ஏற்ற சவாரி அதுதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தபோது, இன்று நாம் ஏறுகிற 20 கொண்டை ஊசி வளைவுகள் கிடையாது. கால்நடையாகவோ குதிரையிலோ டோலியிலோதான் மலையேற வேண்டும்.

குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். சவாரிக்குப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: மலைப்பாதையில் குதிரை நின்றால் நீங்களும் நில்லுங்கள். குதிகாலால் விலாவில் உதைக்காதீர்கள். காரணம் இல்லாமல் அது நிற்காது.

சுள்ளென்ற வெயிலில் வந்துகொண்டிருக்கிறீர்கள். சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்த காப்பித் தோட்டத்துக்குள் பாதை நுழைகிறது. நிழலின் விளிம்பில் குதிரை டக்கென்று நிற்கும். தலையைத் தாழ்த்தி, மூக்கைத் தரைக்குக் கொண்டுபோய், ஒரு முன்னங்காலை மெல்லத் தூக்கி வைத்துப் பார்க்கும். சண்டித்தனம் என்று நினைப்போம். குதிரையின் கண் இருட்டில் நம் கண்ணைவிட நன்றாகவே பார்க்கும். ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதற்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். அந்தக் கணத்தில் எதிரே இருப்பது வேரா, பள்ளமா என்று அதற்குத் தெரியாது. கடிவாளத்தைத் தளர்த்தி விடுங்கள். தலையை ஆட்டிப் பார்க்க இடம் கிடைத்தால்தான் தூரத்தைக் கணித்துக் காலை வைக்கும்.

காதையும் கவனியுங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போனவர்கள் கத்தியவார் குதிரையைப் பார்த்திருப்பீர்கள். காது நுனி இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். எந்த ஜாதிக் குதிரையானாலும், ஒரு காது முன்னும் ஒரு காது பின்னுமாக அசைந்துகொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே பக்கம் குத்திட்டு நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. இந்த மலையில் அது காட்டெருமையாகவும் இருக்கலாம். நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே குதிரைக்கு வாடை எட்டிவிடும். நல்ல வழிகாட்டி அப்போது எல்லோரையும் நிறுத்தி, சத்தமில்லாமல் பின்வாங்கச் சொல்வார்.

ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்கும். விலா அடங்கும்வரை விட்டுவிடுங்கள். சேணம் நகர்ந்து வலித்தாலும் நிற்கும். அதனால்தான் கிளம்பிப் பத்து நிமிடத்தில், சேணத்தைப் பிடித்து நிறுத்துகிற வயிற்று வாரை மறுபடி பார்க்க வேண்டும். வாரை இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடந்ததும் வார் தளர்ந்துவிடும்.

பாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். சேணத்தையும் சேர்த்து, குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. 350 கிலோ குதிரை என்றால் 70 கிலோ. மலைக்கு அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. உங்கள் எடையைக் கேட்காமல் ஏற்றிவிடுகிற இடத்தில் நீங்கள் ஏறாதீர்கள். ஏறுவதற்கு முன் வயிற்று வார் பதியும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். முடி உதிர்ந்து வழவழப்பாகவோ, காய்ப்புக் காய்ச்சியோ, புண்ணாகவோ இருந்தால் அந்தக் குதிரைக்கு அன்று ஓய்வுதான் தேவை, சவாரி இல்லை.

இறக்கம் இன்னும் சிரமம். சமதரையிலேயே குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. இறங்கும்போது மொத்தப் பாரமும் அந்தப் பக்கமே சாயும். நிமிர்ந்து உட்கார்ந்து, குதிகாலைத் தாழ்த்தி, கால் வைக்கிற அங்கவடியில் ஊன்றுங்கள். செங்குத்தாக இருந்தால் இறங்கி நடந்துவிடுங்கள். முன்னால் போகிற குதிரைக்கும் உங்கள் குதிரைக்கும் ஒரு குதிரை நீளமாவது இடைவெளி இருக்கட்டும். நேர் பின்னால் வருவது அதன் கண்ணுக்குப் படாது, மிரண்டால் உதைக்கும். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை பாசி பிடித்துக் கிடக்கும். லாடம் அடித்த குளம்புக்கு அதில் பிடிமானம் கிடைக்காது. அந்த மாதிரி நாளில் வழிகாட்டி, "இன்னைக்கு வேண்டாங்க, பாதை வழுக்குது" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அந்தப் பண்ணையின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, தை மாதத்தில் ஒரு காலை வேளையாகப் பார்த்து அவரிடமே போங்கள். வணக்கம்.