கிறிஸ்தவக் கல்லூரியில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் படிப்பு: பைபிள்தான் சொல்லித் தருவார்களா?

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில்லிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

“நாங்கள் இந்துக் குடும்பம். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், எலிமென்டரி டீச்சர் ஆகப் போகிறேன் என்கிறாள். ஒரு லூத்தரன் கல்லூரியில் நல்ல ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே என்னதான் சொல்லித் தருவார்கள், பைபிள்தானா? அந்தப் பட்டத்தை வைத்து அரசுப் பள்ளியில் வேலை கிடைக்குமா? எதில் ஸ்பெஷலைஸ் பண்ணச் சொல்வது?”

மூன்று கேள்வி. நடுவில் இருப்பதை முதலில் முடித்துவிடலாம். உங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான் என்று நினைக்கிறேன்.

வேலை கிடைக்கும். இங்கே அமெரிக்காவில் ஆசிரியர் லைசென்ஸ் கொடுப்பது மாநிலம், கல்லூரி இல்லை. கல்லூரியின் பாடத்திட்டத்தை மாநிலம் அங்கீகரித்திருக்க வேண்டும். மகள் படித்து முடித்ததும் கல்லூரி பரிந்துரை செய்யும். மாநிலத் தேர்வில் பாஸ் செய்தால் லைசென்ஸ் வந்துவிடும். உங்கள் மாநிலமான இல்லினாய்ஸில் அதற்கு புரொஃபஷனல் எஜுகேட்டர் லைசென்ஸ் என்று பெயர். எந்த வகுப்பு, எந்தப் பாடம் எடுக்கலாம் என்பதை அதில் எண்டார்ஸ்மென்டாகப் போட்டிருப்பார்கள். கல்லூரி எந்தச் சபையைச் சேர்ந்தது என்பது அதில் எங்கும் இருக்காது.

ஆனால் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். ஒன்று, எல்லா ‘எஜுகேஷன்’ பட்டமும் லைசென்ஸில் போய் முடியாது. ‘கிறிஸ்டியன் எஜுகேஷன்’ என்ற பெயரில் சபை ஊழியத்துக்கான பட்டம் உண்டு. ‘எஜுகேஷன் ஸ்டடீஸ்’ என்று லைசென்ஸ் இல்லாத பட்டமும் உண்டு. பெயர் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். “இது எந்த எண்டார்ஸ்மென்டுக்கு இட்டுச் செல்லும்?” என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டாவது, இல்லினாய்ஸில் எலிமென்டரி என்றால் 1 முதல் 6ஆம் வகுப்பு வரைதான். கிண்டர்கார்டன் அதில் வராது. குட்டிப் பிள்ளைகள்தான் பிடிக்கும் என்று மகள் சொன்னால், அவள் எடுக்க வேண்டியது பிறப்பு முதல் 2ஆம் வகுப்பு வரைக்குமான ஏர்லி சைல்ட்ஹுட். கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன சொல்லித் தருவார்கள்?

நானும் படித்தது ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில்தான், இப்போது அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: இந்தப் படிப்பின் உயிர்நாடி, பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது சேப்பல், அதாவது கல்லூரி வழிபாடு, எத்தனை மணிக்கு என்று கேட்பதற்கு முன்னால், ரீடிங் பாடம் எத்தனை, அதில் என்ன நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள்.

இது நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாது. தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்டால் பிள்ளை வாசித்துவிடும். ஆங்கிலம் அப்படி இல்லை. ‘ஷிப்’ என்ற சொல்லில் எஸ், எச், ஐ, பி என்று நான்கு எழுத்து, ஆனால் மூன்றே ஒலி. ‘ஃபாக்ஸ்’ என்பதில் எழுத்து மூன்றுதான், ஒலி நான்கு, ஏனென்றால் கடைசி எக்ஸ் ஒன்றே ‘க்ஸ்’ என்று இரண்டு ஒலி. ரீடிங் வகுப்பில் எங்கள் ஆசிரியை மேசையில் வரிசையாகக் கட்டம் போட்ட தாளையும் கொஞ்சம் பிளாஸ்டிக் சில்லுகளையும் கொடுத்துவிட்டு ஒரு சொல் சொல்வார். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சில்லைக் கட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர் ‘ஃபாக்ஸ்’ சொல்லுக்கு மூன்று சில்லோடு நின்றுவிடுவார்கள். ஒலியைத் தனியாகக் கேட்கத் தெரியாத ஆசிரியர், கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவது?

2000ஆம் ஆண்டில் இங்கே நேஷனல் ரீடிங் பேனல் என்ற வல்லுநர் குழுவின் அறிக்கை வந்தது. ஒலிகளைப் பிரித்துக் கேட்பது, ஒலியையும் எழுத்தையும் இணைப்பது, தடங்கல் இல்லாமல் வாசிப்பது, சொல்வளம், பொருள் புரிதல் என்று ஐந்தை அது அடிப்படையாக வைத்தது. ஆனாலும் ரொம்ப வருடம் பல கல்லூரிகள் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், சொல்லை ஊகித்துக்கொள் என்ற வழியைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தன. இப்போது மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டு மாற்றுகின்றன. இல்லினாய்ஸிலும் 2023ல் சட்டம் வந்தது, 2024ல் மாநில எழுத்தறிவுத் திட்டம் வெளியானது. எனவே எந்தக் கல்லூரி மாறியிருக்கிறது, எது பழைய புத்தகத்தோடு இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி. மதச்சார்பற்ற பெரிய பல்கலைக்கழகத்திடமும் இதையே கேட்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. “இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு ஒரு செமஸ்டரா?” என்று சிரிப்பார்கள். ஒரு பிள்ளை 52லிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. தப்பு என்று பெருக்கல் குறி போடுவது யாராலும் முடியும். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்று, ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சிறியதை எடுத்திருக்கிறது அந்தப் பிள்ளை. அதற்குக் கழிக்கத் தெரியும். 52 என்பது ஐந்து பத்தும் இரண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. அந்த நோட்டைப் பார்த்த உடனே இது தெரிய வேண்டும், பத்துக் கட்டை எடுத்துப் பிரித்துக் காட்ட வேண்டும். மெத்தட்ஸ் வகுப்பு என்பது இதுதான். அறிவியல், சமூக அறிவியல் இரண்டுக்கும் இப்படி ஒவ்வொன்று உண்டு. கலை, உடற்பயிற்சி கொஞ்சம். அப்புறம் குழந்தை வளர்ச்சி, கல்வி உளவியல், சிறுவர் இலக்கியம், வகுப்பறையைச் சமாளிப்பது, மதிப்பீடு. இவை எல்லாக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்ப்பது முதல் இரண்டு வருடத்திலேயே தொடங்கிவிடும். முதலில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது, பிறகு சின்னக் குழுவுக்குப் பாடம், கடைசி செமஸ்டர் முழுக்க ஸ்டூடன்ட் டீச்சிங். நம் ஊர் டீச்சர் டிரெயினிங்கில் டீச்சிங் பிராக்டிஸ் என்பார்களே, அதன் நீண்ட வடிவம். காலை முதல் பள்ளி விடும் வரை வேலை. பொதுவாகச் சம்பளம் கிடையாது, அந்த செமஸ்டருக்கும் ஃபீஸ் நீங்கள்தான் கட்ட வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் ஆதங்கம்தான். பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் அந்தச் சில மாதம் நொந்துபோவார்கள். அதற்கென்று இப்போதே கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள்.

இனி பைபிள். உண்டு, ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பல கிறிஸ்தவக் கல்லூரிகளில் எந்த மேஜர் எடுத்தாலும் சில தியாலஜி, அதாவது இறையியல், பாடங்கள் கட்டாயம். எத்தனை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கலிஃபோர்னியாவில் பயோலா மாதிரி இடங்களில் அது ஒரு மைனர், அதாவது துணைப் பாடம், அளவுக்கே போகும், சேரும் பிள்ளையும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் பக்கத்து ஊர் வீட்டன் காலேஜும் விசுவாசத்தைக் கேட்கும். லூத்தரன் கல்லூரிகள் பெரும்பாலும் எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்பவை. சேப்பல் கட்டாயமா, விடுதி ஒழுங்குமுறை என்ன, கையெழுத்துப் போடும் உறுதிமொழி ஏதாவது உண்டா, இந்த மூன்றையும் மகளே வாசித்துப் பார்க்கட்டும். நான்கு வருடம் அங்கே இருக்கப் போவது அவள்தான்.

சிகாகோ பக்கம் லூத்தரன் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ரிவர் ஃபாரஸ்டில் இருக்கும் கன்கார்டியா. 1864ல் அடிசன் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கூடமாகவே தொடங்கியது. 1913ல்தான் ரிவர் ஃபாரஸ்டுக்கு வந்தது. குடியேறிய ஜெர்மானியர்கள் சபைக்கு ஒரு பள்ளி வைத்தார்கள், அதற்கு வாத்தியார் வேண்டும். அந்த வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை ஆர்கனும் வாசிக்க வேண்டும். திருநெல்வேலிக் கிராமங்களில் பள்ளிக்கூடத்து வாத்தியாரே ஜெபமும் நடத்திக் கோயில் மணியும் அடித்தாரே, அந்த வகை. கன்கார்டியா சேர்ந்திருக்கும் மிசௌரி சினட் என்ற லூத்தரன் சபையின் மிஷனரிகள் நம் பக்கமும் வந்தவர்கள்தான். நாகர்கோவிலில் கன்கார்டியா என்ற பெயரிலேயே ஒரு செமினரி இருக்கிறது.

அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றும் உண்டு. மிசௌரி சினட் கல்லூரிகளில் லூத்தரன் டீச்சர் டிப்ளமா என்று கூடுதல் தியாலஜி படிப்பு வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் அதை முடித்தால், லூத்தரன் பள்ளிக்கு ‘அழைக்கப்பட்ட’ ஆசிரியராகப் போகலாம். சபையின் கண்ணில் அது ஊழியப் பதவி. இது வெறும் மரியாதைப் பட்டம் இல்லை. மிச்சிகனில் ரெட்ஃபோர்டில் ஹோசன்னா-டேபர் என்ற லூத்தரன் பள்ளியில் அப்படி அழைக்கப்பட்ட ஆசிரியை ஒருவர் நோய் விடுப்பில் போய்த் திரும்பியபோது வேலை போனது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தது. 2012ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒருமனதாக, அவர் ஊழியர் நிலையில் இருந்தவர், சபை தன் ஊழியரைத் தேர்ந்தெடுப்பதில் அரசு தலையிடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2020ல் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகள் விஷயத்திலும் அதே வழியில் போனது. உங்கள் மகளுக்கு அந்த டிப்ளமா தேவையே இல்லை. ஆனால் நாளைக்கு எந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் வேலைக்குப் போனாலும் ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்கட்டும். அரசுப் பள்ளியில் இருக்கும் பாதுகாப்பு அங்கே அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சம்பளமும் பெரும்பாலும் குறைவுதான்.

அரசுப் பள்ளிக்கும் ஒரு வேலி உண்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து. பள்ளி முன்னின்று நடத்தும் ஜெபம் கூடாது என்று 1962லும், பள்ளியில் வழிபாடாக பைபிள் வாசிப்பது கூடாது என்று 1963லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிறிஸ்தவக் கல்லூரிகளும் தங்கள் மாணவிகளை அங்கேதானே ஸ்டூடன்ட் டீச்சிங்குக்கு அனுப்ப வேண்டும்? அதனால் இதை நன்றாகவே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஆசிரியர் மதங்களைப் பற்றிப் பாடம் நடத்தலாம், மதத்தை நடத்தக் கூடாது.

கடைசியாக ஸ்பெஷலைசேஷன். இதில் நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். கலை, நாடகம் என்று மகளுக்குப் பிடித்தது எதுவானாலும் எடுக்கட்டும், ஆனால் கூடவே ஸ்பெஷல் எஜுகேஷன் அல்லது இ.எஸ்.எல்., இரண்டில் ஒன்று இருக்கட்டும். ஆள் கிடைக்காமல் பள்ளிகள் தவிப்பது இந்த இரண்டில்தான்.

ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு இல்லினாய்ஸில் எல்.பி.எஸ். 1 என்ற எண்டார்ஸ்மென்ட். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறன் காரணமாகச் சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசுப் பள்ளி தனித் திட்டம் எழுத வேண்டும், அதுதான் ஐ.இ.பி. பெற்றோரை வைத்துக்கொண்டு கூட்டம் போட்டு, “ஒரு வருடத்தில் இந்தப் பிள்ளை இதைச் செய்யும்” என்று அளக்கக்கூடிய இலக்கு எழுதுவது பெரிய வேலை. காகிதம் ஏராளம், பொறுமை வேண்டும். எல்லாருக்கும் ஒத்துவராது. மகள் முதலில் அப்படி ஒரு வகுப்பில் தன்னார்வலராக உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இ.எஸ்.எல். என்பது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். இல்லினாய்ஸில் 18 கிரெடிட் அளவுக்குப் பாடங்களும், அப்படிப்பட்ட பிள்ளைகளோடு 100 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள். ஒரே மொழி பேசும் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 20 பேர் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டால் இருமொழி வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதனால் தேவை குறையாது. வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் குழந்தைகளின் தடுமாற்றம் உள்ளுக்குள்ளேயே தெரியும். நான் கை காட்டுவது இதைத்தான்.

பணத்தைப் பற்றி ஒன்று. டீச் கிராண்ட் என்று மத்திய அரசு உதவி உண்டு, ஆண்டுக்கு 4000 டாலர் வரை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். மேலே சொன்ன ஸ்பெஷல் எஜுகேஷன், இருமொழிக் கல்வி போன்ற பற்றாக்குறைப் பாடத்தில், வருமானம் குறைந்த குடும்பங்கள் நிறைந்த பள்ளியில், படிப்பு முடிந்த எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம் வேலை பார்க்க வேண்டும். தவறினால் முழுப் பணமும் வட்டியோடு கடனாக மாறிவிடும். கல்லூரி அதை ஸ்காலர்ஷிப் தாளில் மற்றதோடு ஒரே வரிசையில் போட்டிருக்கும், இனாம் மாதிரி தெரியும். உங்களுக்கு வந்திருக்கும் தாளில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடுத்த கேள்வி டெக்சாஸிலிருந்து, ஹெச்-4 விசாவில் இருப்பவர் ஆசிரியர் வேலைக்குப் போகலாமா என்று. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.