மரக் கட்டடத்தின் கணக்கு காட்டில் தொடங்குகிறது

மரத்தில் 18 மாடி கட்டலாம் என்று சொன்னதுமே எல்லோரும் கேட்பது, தீப்பிடித்தால் என்ன ஆகும் என்றுதான். நியாயமான கேள்வி. தடித்த உத்தரத்தில் தீப்பிடித்தால் வெளிப்பக்கம் கரியாகும், அந்தக் கரியே வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கும், அதனால் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வேகத்தில்தான் மரம் கரியும். எவ்வளவு கரியும் என்று முன்பே கணக்குப் போட்டு அந்த அளவுக்குக் கூடுதல் தடிமன் வைத்துவிடுவார்கள். நார்வேயில் 2019-இல் கட்டி முடித்த மியோஸ்தார்னெட் என்ற மரக் கட்டடம் அப்படித்தான் 85 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது.

சரி, அது முடிந்தது. எனக்குப் பெரிய கவலை அந்த உத்தரம் வந்த காட்டைப் பற்றியது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், காற்றிலிருந்து மரம் இழுத்தது; மரத்தால் கட்டினால் அது கட்டடத்துக்குள்ளேயே தங்கிவிடும். சிமென்ட், எஃகுக்குப் பதில் மரம் என்று சொல்கிறவர்களின் வாதமே இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் காடு திரும்ப வளர்ந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். வளருமா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பாருங்கள். மலைப் பைன் வண்டு என்று ஒன்று, அரிசி அளவுதான் இருக்கும். பட்டைக்கு அடியில் துளைத்து முட்டையிடும், கூடவே ஒரு பூஞ்சையையும் கொண்டுவரும், அது மரத்துக்குள் நீர் ஏறும் பாதையை அடைத்துவிடும். முன்பெல்லாம் கடுங்குளிர் அதன் புழுக்களைக் கொன்றுவிடும். குளிர்காலம் மிதமானதும் புழுக்கள் பிழைத்தன. தண்ணீர் கிடைத்த மரம் பிசினைப் பீய்ச்சி வண்டை வெளியே தள்ளும், வறட்சியில் வாடிய மரத்தால் அது முடியாது. பல பத்தாண்டுகளாகச் சின்னச் சின்னக் காட்டுத்தீயைக்கூட அணைத்துவந்ததால் ஒரே வயதுள்ள முதிர்ந்த பைன்கள் அடர்ந்து நின்றன, அதுவும் வண்டுக்கு வசதியாகப் போயிற்று. சுமார் 1.8 கோடி ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. கார்பனை இழுத்து வைத்திருந்த காடே அதை வெளியே விடத் தொடங்கியது என்று 2008-இல் கனடா விஞ்ஞானிகள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதைப் பார்த்த பிறகும், மரத்தின் தேவை கூடுகிறது என்று வேகமாக வளரும் ஒரே இனத்தை வரிசையாக நட்டுக்கொண்டே போனால் அடுத்த வண்டுக்கு நாமே விருந்து வைக்கிறோம். பல இன மரங்கள் கலந்த காடு வேண்டும், வெவ்வேறு வயது மரங்கள் வேண்டும். அறுவடை மெதுவாகும், செலவு கூடும், அதை ஏற்கத்தான் வேண்டும்.

செத்து நிற்கும் மரங்களை என்ன செய்வது? சில ஆண்டுகள் வரை அவற்றை அறுத்துக் கட்டடத்துக்குப் பயன்படுத்தலாம், பூஞ்சையால் நீலம் பாய்ந்திருக்கும், ஆனால் வலிமை பெரிதாகக் குறையாது. அதற்காக எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடக் கூடாது. மரங்கொத்திக்குப் பொந்து வேண்டும், மண்ணுக்கு மட்கும் கட்டை வேண்டும், புதிய கன்றுகளுக்கு நிழலும் வேண்டும்.