கடைமடைக் கட்டிக்கு மருந்து போய்ச் சேருமா?

வணக்கம் மக்களே. பேராவூரணிப் பக்கம், புதுஆற்றுப் பாசனத்தின் கடைசி வாய்க்கால் ஒன்றின் கரையில் நிற்கிறேன். பின்னால் டிராக்டர் சேறடிக்கிறது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவுக்கு கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. "ஸ்கேன் மெஷின் ஒலியிலேயே கேன்சரைக் கரைக்கிறார்களாமே, அப்புறம் எதற்கு இந்த ஊசி?" என்று மாமா கேட்டார். ஒலியாலேயே கட்டியைச் சிதைக்கும் முறை தனியாக இருக்கிறது. ஹிஸ்டோட்ரிப்சி என்று பெயர், கல்லீரல் கட்டிகளுக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான் பேச வந்தது வேறு: அல்ட்ராசவுண்ட் ஒலியைக் குவித்து, கீமோ மருந்தைக் கட்டிக்குள் கொண்டு சேர்க்கும் ஆராய்ச்சி. இதில் வேலை செய்வது மருந்துதான், ஒலி அதற்கு வழி திறந்துவிடுகிறது.

ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும் இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும், வருமா என்பது உங்களுக்கே தெரியும். கட்டியின் உள்பகுதியும் ஒரு கடைமடைதான். அங்கே ரத்தக்குழாய்கள் கோணல்மாணலாக, நசுங்கிக் கிடக்கும். டோஸைக் கூட்டலாமே என்றால், மருந்து உடம்பு முழுக்கப் போகிறதே! டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றினால் சிறுநீர்கூட ஓரிரு நாள் சிவப்பாகப் போகும். அளவு மீறினால் இதயம் கெடும். அதனால் ஆயுளுக்கே இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் இதே மருந்தை, சூடுபட்டால் உடையும் நுண்ணிய கொழுப்புப் பைகளில் அடைத்து ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். கல்லீரல் கட்டியில் மட்டும் ஒலியைக் குவித்து, 39.5 டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். பைகள் அங்கேயே மருந்தை விட்டன. 2018இல் முடிவு வந்தது: 10 நோயாளிகள், கட்டிக்குள் மருந்து சராசரியாக 3.7 மடங்கு கூடியது. ஒரே டோஸ்தான் கொடுத்தார்கள். ஆயுள் கூடியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு இதில் பிடித்ததே அந்த அடக்கம்தான்.

மூளைக்கு வேறு வழி. சிவப்பணுவைவிடச் சிறிய வாயுக் குமிழிகளை ரத்தத்தில் விடுவார்கள். ஒலி பட்டதும் அவை விரிந்து சுருங்கும், குழாய்ச் சுவரில் இடுக்கு விழும், மருந்து உள்ளே போகும். ஒரு நாளுக்குள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். கனடாவில், டொரன்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் 2015இல் மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்கு இப்படி மருந்து செலுத்தினார்கள்.

வயிற்றில் ஜெல் தடவி எடுக்கும் சாதா ஸ்கேன் இதைச் செய்யாது. நுரையீரல் மாதிரி காற்று நிறைந்த இடங்களில் ஒலி சரியாக ஊடுருவாது. பல இடங்களில் பரவிவிட்டால் எங்கே என்று குவிப்பது?

பெரியம்மாவின் அடுத்த கீமோ தேதியில் மாற்றம் இல்லை. மாமாவுக்கும் சொல்லியாகிவிட்டது. "எங்களிடம் இந்த ஆராய்ச்சிச் சிகிச்சை இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால், சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன என்று கேளுங்கள். இந்தியாவில் நோயாளிகளிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான பதிவேடு அது. எண்ணை இணையத்தில் போட்டு நீங்களே பார்க்கலாம், காசு கிடையாது.