எலூசிடேட்: நேயர் கேள்விக்கு விளக்கம்

ஈசூனிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: “என் மகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய கட்டுரை ஓரத்தில் ஆசிரியர் ‘எலூசிடேட்’ என்று எழுதியிருக்கிறார். எக்ஸ்ப்ளெய்ன் என்றே எழுதியிருக்கலாமே, இரண்டும் ஒன்றுதானே?”

நல்ல கேள்விம்மா. இரண்டையும் நாம் ‘விளக்கு’ என்றுதான் சொல்வோம். ஆனால் பிறந்த இடம் வேறு வேறு. எக்ஸ்ப்ளெய்ன், லத்தீனில் பிளானுஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. சமதளம் என்று பொருள். மேடுபள்ளத்தை நிரவிக் கொடுப்பதுதான் அதன் மூலக் கருத்து.

எலூசிடேட் அப்படியில்லை. லத்தீனில் லக்ஸ் என்றால் ஒளி, லூசிடுஸ் என்றால் ஒளியுள்ளது. அதிலிருந்து வந்த இந்த வினைச்சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. லூசிட் (தெளிவான), டிரான்ஸ்லூசன்ட் (ஒளி ஊடுருவும்) எல்லாம் இதே குடும்பம்தான்.

நம் பிள்ளைகள் இதைப் பாடமாக்கவே வேண்டாம். சாமி அறையில் ஏற்றுவது விளக்கு. பாத்திரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் விளக்குவது. ‘விளங்கு’ என்றால் ஒளிர்தல். அதையேதான் இங்கே வீட்டிலும் கடையிலும் ‘விளங்குதா?’ என்று கேட்கிறோம். 753ஆம் குறளைப் பாருங்கள்: “பொருளென்னும் பொய்யா விளக்கம் இருளறுக்கும்”. அங்கே பொருள் என்றால் செல்வம், விளக்கம் என்பதே விளக்குதான்! லத்தீன்காரர்களும் நம்மவர்களும் தனித்தனியாக ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

சரி, மகளின் கட்டுரைக்கு வருவோம். எலூசிடேட் என்று எழுதியதும் பிள்ளைகள் இன்னும் நாலு வரி சேர்க்கிறார்கள். ஆசிரியர் கேட்பது அதையல்ல. எந்த இடம் இருட்டாக இருக்கிறதோ அங்கே வெளிச்சம் வேண்டும். ‘தொழில்நுட்பத்தால் முதியோர் தனிமையாகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி என்பதுதான் அதில் இருட்டு. ‘வங்கி வேலையும் சாமான் வாங்குவதும் கைப்பேசிக்குள் போய்விட்டதால், தாத்தா வெளியே போய் நாலு பேரிடம் பேசும் நேரம் குறைந்துவிட்டது’ என்று ஒரே வரி எழுதினால் போதும்.

அப்புறம் இன்னொன்று. ஒரு கருத்தை, ஒரு சிக்கலைத்தான் எலூசிடேட் செய்ய முடியும், ஆளை அல்ல. ‘எலூசிடேட் மீ’ என்று எழுதினால் தவறு. அந்த இடத்தில் ‘என்லைட்டன் மீ’ என்றுதான் வரவேண்டும். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘லூ’வில் விழட்டும்.