பத்தாவது கணக்கு: டைம் டேபிளை கடைசிப் பகுதியில இருந்து போடுங்க

வணக்கம் பிள்ளைங்களா, வணக்கம் அம்மா அப்பாமாரே. பொங்கல் முடிஞ்சு பானையெல்லாம் கழுவிக் கவுத்தியாச்சு. பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுல இனிமே ஒரே பேச்சுதான், பொதுத்தேர்வு. இன்னிக்கு தமிழ்நாடு ஸ்டேட் போர்டு கணக்கைப் பத்தி மட்டும் பேசப் போறேன். பின்னாடி கிரைண்டர் சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க, பக்கத்து வீட்டுல மாவு ஆட்டுறாங்க.

புதுசா பாக்குறவங்களுக்குச் சொல்லிடுறேன். 11 வருஷமா எங்க வீட்டு மாடியில பத்தாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் தை பொறந்ததும் பிள்ளைங்க டைம் டேபிள் போட்டுக் கொண்டுவந்து காட்டுவாங்க. ஸ்கெட்ச் பேனாவுல, கட்டம் கட்டமா. முதல் வாரம் உறவுகளும் சார்புகளும், ரெண்டாவது வாரம் எண்களும் தொடர்வரிசைகளும், மூணாவது வாரம் இயற்கணிதம். 8 பாடம், 8 வாரம். பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா மூணாவது வாரத்துல வண்டி நின்னுடும். இயற்கணிதம் அவ்வளவு பெரிய பாடம். மூணு மாறி சமன்பாடு, மீப்பெரு பொது வகுத்தி, பல்லுறுப்புக் கோவையோட வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, அணிகள்னு போய்க்கிட்டே இருக்கும். அங்க மாட்டிக்கிட்டு நிக்கும்போதே ஸ்கூல்ல திருப்புதல் தேர்வு வந்திரும். அப்புறம் அளவியலும் நிகழ்தகவும் பரீட்சைக்கு முந்தின ராத்திரிக்குத் தள்ளிப் போயிரும்.

அதனாலதான் சொல்றேன், பாட வரிசையில டைம் டேபிள் போடாதீங்க. வினாத்தாளைக் கையில வச்சுக்கிட்டுப் போடுங்க. அதுவும் கடைசிப் பகுதியில இருந்து ஆரம்பிங்க.

வினாத்தாள் எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்திருவோம். மொத்தம் 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 14, எல்லாமே எழுதணும். ரெண்டு மார்க்ல 14 கேள்வி இருக்கும், 10 எழுதினா போதும், ஆனா 28வது கேள்வி கட்டாயம். அஞ்சு மார்க்லயும் அதே மாதிரி 14 கேள்வி, 10 எழுதணும், அதுல 42வது கட்டாயம். அப்புறம் கடைசிப் பகுதி. 43, 44னு ரெண்டே கேள்வி, ஒவ்வொண்ணும் 8 மார்க். ஒண்ணு வடிவியல் வரையறது, இன்னொண்ணு கிராஃப். ரெண்டுலயுமே இது அல்லது அதுன்னு சாய்ஸ் உண்டு. ஆக 16 மார்க். அறிவியல் மாதிரி செய்முறைக்குன்னு இதுல தனி மார்க் கிடையாது. பாஸாக 35 வேணும்னா அந்த 35ம் இந்த ஒரு பேப்பர்லயே வந்தாகணும்.

இப்போ அரையாண்டுல 20, 22 எடுத்துட்டு வீட்டுல தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திரியிற பிள்ளைக்குச் சொல்றேன். நீ கேளு கண்ணு. ஒரு மார்க் 14ல உனக்கு 10 சரியா வருதுன்னு வை. கடைசிப் பகுதி 16ல 12 வருதுன்னு வை. அங்கயே 22 ஆச்சு. ரெண்டு மார்க்ல அஞ்சு கேள்வி சரியா போட்டா 32. அஞ்சு மார்க்ல ஒரே ஒரு கேள்வி முழுசா வந்தா 37. இதை நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை நோட்டுல எழுதிக் காட்டுறேன். எழுதி முடிக்கும்போது அது முகம் மாறுறதை நான் பார்த்திருக்கேன். அதுவரைக்கும் அது கணக்குன்னா 8 பாடமும் தெரியணும்னு நினைச்சுப் பயந்துக்கிட்டு இருந்திருக்கும்.

சரி, டைம் டேபிளுக்கு வருவோம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் விட்ட அட்டவணையில கணக்குத் தேதியைப் பாருங்க. காலண்டர்ல அந்த நாளைச் சுத்தி வட்டம் போடுங்க. அங்க இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க. கடைசி ஒரு வாரத்தைக் கழிச்சிருங்க, அதுல புதுசா எதுவும் படிக்கக் கூடாது. நடுவுல ஸ்கூல் திருப்புதல் தேர்வு நாளையும் கழிச்சிருங்க. மிச்சம் எத்தனை வாரம் கையில இருக்கோ அதுதான் உங்களோடது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வாரம் தேறும்.

முதல் ரெண்டு வாரம் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து காபி குடிச்சதும் ஒரே ஒரு படம். ஒரு நாள் வடிவியல், மறுநாள் கிராஃப். முக்கால் மணி நேரத்துக்கு மேல வேண்டாம். வடிவியல்ல என்னென்ன வரும்? வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணம் கொடுத்து வரையற முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு. இந்த மூணு வகைதான். கிராஃப்ல இருபடி கிராஃப், நேர் மாறல், எதிர் மாறல். புத்தகத்துல இருக்கிற கணக்கு அத்தனையையும் ஒரு தடவை கையால வரைஞ்சிருங்க. பார்த்துப் புரிஞ்சுக்கிறது இங்க உதவாது, கை பழகணும்.

இது ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் பத்தாவது எழுதினப்போ என் காம்பஸ் லூஸா இருந்துச்சு. வட்டத்தைச் சுத்திக்கிட்டு வந்தா, ஆரம்பிச்ச இடத்துல கோடு வந்து சேரலை. ஒரு அரிசி அளவு விலகி நின்னுச்சு. அழிச்சிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் விலகுச்சு. அழிச்சு அழிச்சுத் தாள் கறுத்துப் போச்சு. கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அந்தக் கேள்வியிலயே இருபது நிமிஷம் போச்சு, அதுக்கப்புறம் தெரிஞ்ச ரெண்டு கணக்கை எழுத நேரமில்லாம வந்தேன். அந்தக் காம்பஸை முந்தின நாள் ஒரு தடவை சுத்திப் பார்த்திருந்தா போதும்.

இப்போ கேமராவைக் கீழ திருப்புறேன், பாருங்க. புத்தகத்துல இருக்கிற கணக்குதான். 6 செ.மீ. விட்டம் உள்ள வட்டம், மையத்துல இருந்து 8 செ.மீ. தூரத்துல ஒரு புள்ளி, அங்க இருந்து ரெண்டு தொடுகோடு. விட்டம் 6ன்னா ஆரம் 3. இங்கயே நிறையப் பேர் அவசரத்துல 6க்கே காம்பஸை விரிச்சிருவாங்க, கவனமா இருங்க. முதல்ல ஓரத்துல ரஃப் படம், அதுக்கும் மார்க் உண்டு. வட்டம் போட்டாச்சு. மையத்துல இருந்து 8 செ.மீ. கோடு. அந்தக் கோட்டுக்கு மையக் குத்துக்கோடு, ரெண்டு பக்கமும் வில் வெட்டி. நடுப்புள்ளி கிடைச்சுதா? அதுல காம்பஸ் முனையை ஊன்றி, வட்ட மையம் வரைக்கும் விரிச்சு ஒரு வட்டம். அது நம்ம முதல் வட்டத்தை ரெண்டு இடத்துல வெட்டுது பாருங்க. அந்த ரெண்டு இடத்துக்கும் வெளிப்புள்ளியில இருந்து கோடு. அவ்வளவுதான்.

இனிமேதான் முக்கியமான வேலை. தொடுகோட்டை ஸ்கேல் வச்சு அளங்க. எனக்கு 7.4 வருது. சரியான்னு எப்படித் தெரியும்? சரிபார்த்தல் எழுதறோம்ல, அதை எல்லாரும் மார்க்குக்காக எழுதுறாங்க. அது உங்க கையைச் சோதிக்கிற கருவி. 8 ஸ்கொயர் 64, 3 ஸ்கொயர் 9, கழிச்சா 55. அதோட வர்க்கமூலம் கிட்டத்தட்ட 7.4. ஸ்கேல்ல 7.8 வந்துச்சுன்னா உங்க வரைதல்ல எங்கயோ பிசகு இருக்கு, நடுப்புள்ளியைப் போய்ப் பாருங்க. பரீட்சை ஹால்ல யாரும் உங்களுக்குத் திருத்திக் கொடுக்க மாட்டாங்க. இந்த ஒரு வரி திருத்திக் கொடுக்கும்.

கிராஃப்லயும் இதே மாதிரி ஒரு இடம் இருக்கு. ஒய் ஈக்குவல் டு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் 3 வரைஞ்சு, அதை வச்சு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 6 எக்ஸ் பிளஸ் 9 ஈக்குவல் டு பூஜ்யத்தைத் தீர்க்கச் சொல்வாங்க. பரவளையம் வரைக்கும் எல்லாரும் போட்டிருவாங்க. அதுக்கப்புறம் ரெண்டையும் கழிக்கணும். கழிக்கும்போது குறி மாறும், அங்கதான் தப்பு நடக்குது. சரியா கழிச்சா ஒய் ஈக்குவல் டு 2 எக்ஸ் மைனஸ் 6 வரும். அந்த நேர்கோட்டைப் போட்டா பரவளையத்தை 3ங்கிற இடத்துல லேசா தொட்டுட்டுப் போகும். தொட்டாத்தான் சரி. வெட்டிக்கிட்டு உள்ள போச்சுன்னா குறியை மறுபடி பாருங்க. அளவுத்திட்டம் எழுத மறக்காதீங்க.

ஒரு மார்க் கேள்வி காலையில. எழுந்து பல் விளக்கினதும் பத்து கேள்வி, அதுக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாடியும் இருக்கு, எல்லாம் சேர்த்தா நூறுக்கு மேல. ஆனா விடையை மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க. எண்ணை மாத்திக் கேட்டா கை விரிச்சிருவீங்க. ஏன் அந்த விடைன்னு பக்கத்துல ஒரு வரி போட்டுப் பழகுங்க. பரீட்சையில குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுதணும். வெறும் 'ஆ'ன்னு எழுதிட்டு வராதீங்க.

மூணாவது வாரத்துல இருந்து அஞ்சு மார்க். இதுலயும் முதல் பாடத்துல இருந்து வரிசையா போகாதீங்க, வழிமுறை மாறாத கணக்கை முதல்ல எடுங்க. கார்ட்டீசியன் பெருக்கல் சரிபார்க்கிறது, திட்டவிலக்கம், நாற்கரத்தோட பரப்பு, அணி நிரல்மாற்று, தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம். இதெல்லாம் எண் மாறும், படி மாறாது. தொடர்வரிசைல 9 கியூப்ல இருந்து 21 கியூப் வரை கூட்டுங்கற மாதிரி ஒரு கணக்கு இருக்கு. 1ல இருந்து 21 வரைக்கும் உள்ள கூடுதல்ல 1ல இருந்து 8 வரைக்கும் உள்ளதைக் கழிக்கணும். எங்க மாடியில பாதிப் பேர் 9 வரைக்கும் கழிச்சிருவாங்க. 231 ஸ்கொயர் மைனஸ் 36 ஸ்கொயர், விடை 52,065. முக்கோணவியல்லயும் அளவியல்லயும் வர்ற வார்த்தைக் கணக்குக்கு அவசரப்பட வேண்டாம். முன்னாடி சொன்னதெல்லாம் கைக்கு வந்தப்புறம் அதுக்கு நேரம் கொடுங்க. நூத்துக்கு நூறு குறி வைக்கிற பிள்ளைங்களுக்கு 28ம் 42ம்தான் சவால், புத்தகத்துக்கு உள்ள இருக்கிற எடுத்துக்காட்டு, சிந்தனைக் களம் எதையும் விடாதீங்க.

பழைய கேள்வித்தாள் தேடும்போது ஒண்ணு கவனிங்க. சொந்தக்கார அண்ணன் வீட்டுப் பரண்ல கிடந்துச்சுன்னு எதையாவது எடுத்துட்டு வராதீங்க. இப்போ இருக்கிற புத்தகம் 2019ல வந்தது. 2020லயும் 2021லயும் கொரோனாவால பத்தாவது தேர்வு நடக்காம எல்லாரையும் பாஸ் போட்டாங்க. அதனால இந்தப் புத்தகத்துக்குப் பொதுத்தேர்வு நடந்தது 2022 மே மாசத்துல இருந்துதான். அதுக்கு முந்தின பேப்பரை எடுத்தா உங்களுக்கு இல்லாத பாடமெல்லாம் வரும், பிள்ளை வீணா பயந்துக்கும். கூடவே பி.டி.ஏ., அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகம் போடுற மாதிரி வினாத்தாளும் போட்டுப் பாருங்க.

அப்புறம் ஞாயித்துக்கிழமை. இதை மட்டும் என்ன ஆனாலும் விடாதீங்க. காலைல 10 மணிக்கு உக்காருங்க, மதியம் 1.15க்கு எழுந்திருங்க. அரசு நேரமே அதுதான். பத்துல இருந்து பத்து நிமிஷம் கேள்வி படிக்க, அஞ்சு நிமிஷம் விவரம் நிரப்ப, 10.15ல இருந்து மூணு மணி நேரம் எழுத. அந்தப் பத்து நிமிஷத்துல ரெண்டு மார்க்லயும் அஞ்சு மார்க்லயும் எந்தப் பத்து கேள்வின்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிரணும். எழுதும்போது ஒரு மார்க்குக்கு 15 நிமிஷம், உடனே கடைசிப் பகுதிக்குப் போயிருங்க, அதுக்கு அரை மணி நேரம். கை தெளிவா இருக்கும்போதே படத்தை முடிச்சிருங்க. கேள்வி எண்ணை மட்டும் சரியா போடுங்க. அப்புறம் அஞ்சு மார்க் பத்துக்கும் எட்டு எட்டு நிமிஷம், ரெண்டு மார்க் பத்துக்கும் நாலு நாலு நிமிஷம். கூட்டிப் பாருங்க, 165 நிமிஷம். மிச்சம் கால் மணி நேரம் சரிபார்க்க.

அம்மாமாரே, அந்த மூணேகால் மணி நேரம் டிவி போடாதீங்க, கடைக்கு அனுப்பாதீங்க. நடுவுல போய் "எத்தனை முடிச்ச"ன்னு கேக்காதீங்க. எங்க டியூஷன்ல ஒரு பொண்ணு வீட்டுல ஒரே ரூம். அவங்க அம்மா ஞாயிறு காலைல சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டு, ஒரு மணிக்கு மேலதான் வீட்டுக்கு வருவாங்க. ஆறு வாரம் அப்படிச் செஞ்சாங்க. அந்தப் பொண்ணு 81 எடுத்துச்சு.

ஒருவேளை போயிருச்சுன்னா? அதே வருஷம் துணைத் தேர்வு இருக்கு, பாஸ் பண்ணி அந்த வருஷமே பதினொண்ணாவது சேரலாம். இதைப் பிள்ளைக்கு இப்பவே சொல்லி வைங்க. ரிசல்ட் அன்னிக்குச் சொன்னா அதுங்க காதுல ஏறாது.

பரீட்சைக்குக் கொண்டுபோறதுக்கு நீலம் அல்லது கறுப்பு மை பேனா ரெண்டு, சீவின பென்சில் ரெண்டு, ரப்பர், ஸ்கேல், பாகைமானி, காம்பஸ். ஹால்ல கடன் கேக்க முடியாது.

இப்போ வீடியோவை நிறுத்திட்டு ஜியாமெட்ரி பாக்ஸைத் திறங்க. காம்பஸை எடுத்து 3 செ.மீ.க்கு ஒரு வட்டம் சுத்துங்க. கோடு ஆரம்பிச்ச இடத்துலயே வந்து சேருதான்னு பாருங்க. சேரலைன்னா திருகை இறுக்குங்க, அப்பவும் சேரலைன்னா இன்னிக்கே புதுசு வாங்கிருங்க. வர்ற ஞாயிறு காலைல 10 மணிக்கு நான் லைவ்ல வர்றேன், கேள்வித்தாளை ஸ்க்ரீன்ல போடுவேன். தண்ணி பாட்டிலோட உக்காருங்க.