நிலத்தை விற்ற பிறகும் மீன் பிடிக்கும் உரிமை எப்படி வந்தது?

அடுத்த கேள்வி. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் மில் லாக்ஸ் ஏரியில் ஓஜிப்வே என்ற பழங்குடி மக்கள், மாநில விதிகளைப் பார்க்காமல் தங்கள் விதிப்படியே வலை போட்டு மீன் பிடிக்கிறார்கள் என்று போன வீடியோவில் சொன்னேன். "நிலத்தைத்தான் விற்றுவிட்டார்களே, இது சலுகை இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சலுகை இல்லைங்க. காணியை விற்கும்போது கிணற்றுப் பாத்தியத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு பத்திரம் எழுதுவார்கள் இல்லையா, அது மாதிரிதான். 1837 ஒப்பந்தத்தில் பைன் காடுகள் நிறைந்த பெரும் நிலப்பரப்பை அரசுக்குக் கொடுத்தபோது, வேட்டை, மீன்பிடி, ஏரியில் தானாக விளையும் காட்டரிசி அறுவடை, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதே வரியில் ஒரு கொக்கியும் இருந்தது: ஜனாதிபதி விரும்பும் வரை.

1850-இல் ஜனாதிபதி டெய்லர் அந்த உரிமை ரத்து, எல்லோரும் இடத்தைக் காலி செய்யுங்கள் என்று ஒரே ஆணையில் சொன்னார். மில் லாக்ஸ்காரர்கள் நகரவில்லை. 1855-இல் ஏரியின் தென்கரையில் சுமார் 61,000 ஏக்கர் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. 1862-இல் டகோட்டா என்ற இன்னொரு பழங்குடிக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் மூண்டபோது இவர்கள் அரசுப் படையின் ரிப்ளி கோட்டைக்குத் துணையாகப் போய் நின்றார்கள், அதனால் வெள்ளையருக்குத் தொந்தரவு தராத வரை வெளியேற்ற மாட்டோம் என்று அடுத்த ஒப்பந்தங்களில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதி என்ன? மரவியாபாரிகளும் குடியேறிகளும் நிலத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள், 1911-இல் ஷெரீப்பே, அதாவது உள்ளூர் காவல் தலைவரே, ஆட்களோடு வந்து ஒரு கிராமத்தை எரித்தார். எனக்கு இந்த வரலாற்றிலேயே ஜீரணிக்க முடியாத இடம் இதுதான்.

சரி, உரிமைக்கு வருவோம். 1990-இல் வழக்குப் போட்டார்கள், 1999-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று, அதாவது நூலிழையில், இவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். மக்களை வெளியேற்ற டெய்லருக்கு அதிகாரமே கிடையாது, உரிமை ரத்து அந்த ஆணையோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருந்தது, அதனால் இரண்டும் சேர்ந்தே செல்லாது என்றார். 1855 ஒப்பந்தத்திலும் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு சொல்கூட இல்லை.

அப்புறம், தீர்ப்பில் 'சிப்பேவா' என்று இருக்கிறதே, அது வேறு இனமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இல்லை, ஓஜிப்வேயும் சிப்பேவாவும் ஒரே பெயரின் இரண்டு உச்சரிப்புகள். தங்களை அவர்கள் அனிஷினாபே என்று சொல்லிக்கொள்கிறார்கள்.