காற்றாலைக் கணக்கு எந்தப் பாடம்? பத்தாம் வகுப்புக் கணிதப் பயிற்சி

[திரையில்: வள்ளியூரிலிருந்து பணகுடி போகும் சாலை. இருபுறமும் காற்றாலைகள்.]

வணக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்குகிற இந்தப் பக்கத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் படுவதெல்லாம் காற்றாலைதான். முதல் கணக்கை அங்கிருந்தே எடுத்துக்கொள்வோம்.

சமதரையில் நிற்கும் ஒருவர் காற்றாலைக் கோபுரத்தின் உச்சியை 30° ஏற்றக்கோணத்தில் பார்க்கிறார். கோபுரத்தை நோக்கி நேராக 80 மீட்டர் நடந்தபின் ஏற்றக்கோணம் 60° ஆகிறது. கோபுரத்தின் உயரம் என்ன? பார்ப்பவரின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வீடியோவை இங்கே நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். இன்னொருவர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டுவதற்குப் பயிற்சி என்று பெயரில்லை.

[திரையில்: வெள்ளைப் பலகை. ஒரே உயரத்தைப் பகிரும் இரண்டு செங்கோண முக்கோணங்கள்.]

உங்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு டேன் எழுதியிருப்பீர்கள். உயரம் 'உ', இரண்டாவது இடத்திலிருந்து கோபுரத்தின் அடி வரை தூரம் 'தூ' என்போம்.

டேன் 60° = உ / தூ. ஆகவே உ = √3 தூ.
டேன் 30° = உ / (தூ + 80). ஆகவே √3 உ = தூ + 80.

முதலாவதை இரண்டாவதில் இட்டால் 3 தூ = தூ + 80. தூரம் 40 மீட்டர், உயரம் 40√3 மீட்டர். √3 = 1.732 என்று போட்டால் 69.28 மீட்டர். சரியான விடை, முழு மதிப்பெண்.

இப்போது டேனை மறந்துவிட்டு அதே படத்தை வடிவியல் பாடத்துப் படமாகப் பாருங்கள்.

[திரையில்: முதல் இடம், இரண்டாம் இடம், உச்சி மூன்றையும் இணைக்கும் முக்கோணம் மட்டும் சிவப்பில்.]

இரண்டாம் இடத்தில் இருக்கும் 60° இந்தச் சிவப்பு முக்கோணத்துக்கு வெளிக்கோணம். அது உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதலுக்குச் சமம். அவற்றில் ஒன்று, முதல் இடத்தில் உள்ள 30°. அப்படியானால் உச்சியில் இருப்பதும் 30°தான். இரண்டு கோணங்கள் சமம் என்றால் அவற்றின் எதிர்ப்பக்கங்களும் சமம். நடந்த தூரம் 80 மீட்டர்; எனவே இரண்டாம் இடத்திலிருந்து உச்சிக்கும் 80 மீட்டர். பிறகு ஒரே வரி: உயரம் = 80 × சைன் 60° = 40√3.

இந்தக் குறுக்கு வழி எல்லாக் கணக்குக்கும் வராது. இரண்டாவது கோணம் முதல் கோணத்தைப் போல இருமடங்காக இருப்பதால் வந்தது. 30°, 45° என்று கொடுத்திருந்தால் பழையபடி டேன்தான்.

இரண்டாவது வழி பலருக்குத் தோன்றாததற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, பயிற்சி செய்யும் முறை. முக்கோணவியல் பயிற்சியில் வரிசையாகப் பத்துக் கணக்குப் போட்டவர் பதினொன்றாவதைப் படிக்கும் முன்பே கை டேன் எழுதிவிடும். பாடத்தின் தலைப்பே பாதிக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. வினாத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது.

ஆகவே ஒரு பாடத்தைப் புரிந்துகொள்ளும் வரை மட்டும் அதை வரிசையாகப் போடுங்கள். அதன்பின் எட்டுப் பாடங்களிலிருந்தும் கணக்குகளைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்ததும் விடைக்குப் பாய வேண்டாம். என்ன கேட்கிறார்கள், எந்தப் பாடம் உதவும் என்ற இரண்டை மட்டும் முதலில் எழுதுங்கள். சில நாள் எரிச்சலாக இருக்கும், வேகமும் குறையும். குறையட்டும்.

[திரையில்: அம்பாசமுத்திரம் பக்கத்துக் களம். கூம்பாகக் குவித்த நெல்.]

ஒரு சீட்டு: களத்தில் கூம்பு வடிவ நெற்குவியல். அடியைச் சுற்றிக் கயிறு பிடித்தால் 8.8 மீட்டர். உயரம் 1.05 மீட்டர். மழை வருகிறது, நெல்லை மூட எவ்வளவு தார்ப்பாய் தேவை?

'கூம்பு' என்று படித்ததும் கன அளவுச் சூத்திரத்தை எழுதுபவர்கள் நிறைய. சிலர் மொத்தப் பரப்பு போடுவார்கள். தரையோடு ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்துக்குத் தார்ப்பாய் எதற்கு? கேட்பது வளைபரப்பு. சுற்றளவிலிருந்து ஆரம் 1.4 மீட்டர். பித்தகோரஸ் தேற்றத்தின்படி 1.96 + 1.1025 = 3.0625, சாயுயரம் 1.75 மீட்டர். வளைபரப்பு 22/7 × 1.4 × 1.75 = 7.7 சதுர மீட்டர். விவசாயி மடிப்புக்குச் சேர்த்துத்தான் வாங்குவார். தேர்வில் 7.7 போதும்.

[திரையில்: சேரன்மகாதேவி ரயில் நிலையப் பெயர்ப்பலகை.]

அடுத்தது. திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் ரயில் பாதை 72 கி.மீ. என்று கொள்வோம். ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. கூடினால் பயணம் அரை மணி நேரம் குறைகிறது. முதல் வேகம் என்ன? பார்த்தால் காலமும் தூரமும். எழுதிப் பார்த்தால் இயற்கணிதம். வேகம் 'வே' என்றால்:

72/வே − 72/(வே + 12) = 1/2
வே² + 12 வே − 1728 = 0

காரணிப்படுத்தினால் 36, −48. ரயில் மைனஸ் வேகத்தில் தென்காசி போகாது. விடை மணிக்கு 36 கி.மீ. சரிபார்க்கவும் மறக்காதீர்கள்: முன்பு 2 மணி நேரம், பிறகு ஒன்றரை மணி நேரம்.

புள்ளியியலில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பாபநாசம் அணையின் ஐந்து நாள் நீர்மட்ட அளவுகளோடு ஒவ்வொன்றிலும் 3 அடி கூட்டினால் சராசரி 3 கூடும், திட்டவிலக்கம் மாறாது. ஒரு மதிப்பெண் வினாவில் இதற்கு யாரும் சூத்திரம் தேடக்கூடாது.

செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண், 100க்கு 16. இவற்றைக் கண்ணால் படித்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கூர்மையான பென்சில், உதவிப்படம், வரைபடத் தாளின் மூலையில் அளவுத்திட்டம்: இவை கையால் செய்து பழக வேண்டியவை.

[திரையில்: பத்தமடைப் பாய். கணக்கு எழுத்தில் தோன்றுகிறது.]

கடைசிச் சீட்டு உங்களுக்கு. பத்தமடையில் ஒரு பாய்க்கூடம் முதல் மாதம் 40 பாய் நெய்கிறது. அடுத்தடுத்த மாதங்களில் 5 பாய் கூடிக்கொண்டே போகிறது. மொத்தம் 385 பாய் ஆவது எத்தனையாவது மாத முடிவில்? இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. எவை என்று முதலில் எழுதிவிட்டுப் போடுங்கள். விடை 7 வர வேண்டும். கூடவே வரும் −22ஐ ஏன் தள்ளினீர்கள் என்பதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.